வழியனுப்பிய வீட்டைக் கூட்டக் கூடாது

கம்பத்தில் ஊரார் வீட்டையெல்லாம் அடுக்கி ஒதுங்க வைத்துக் கொடுக்கிற உமாதேவி, தன் வீட்டில் மட்டும் காலை எட்டு மணிவரை விளக்குமாற்றைத் தொட மாட்டாள். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் புருஷன் அருண்பாண்டி, காய்கறி ஏற்றிய பிக்கப்பை எடுத்துக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறுகிறவன். ஒருவர் பயணம் கிளம்பிப் போனதும் வீட்டைக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது, தலை முழுகக் கூடாது. அதெல்லாம் பிணம் எடுத்த வீட்டில் செய்கிற காரியம். போனவர் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று சொன்ன பிறகுதான் குப்பையைத் தள்ள வேண்டும். அருண்பாண்டி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் போன் போடுவான். "தாண்டிட்டேன், கூட்டிக்க" என்பான். வேறொன்றும் பேச மாட்டான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் சொன்ன பிரியமான வார்த்தை அதுதான்.

அவள் தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவள். பச்சை, வெளிறியது, வெடித்தது, பூச்சி அரித்தது என்று விரல் தன்பாட்டுக்குப் பிரித்துத் தள்ளும். தெரிந்த டீச்சரம்மா ஒருத்தியின் அலமாரியை ஒருநாள் பிரித்து அடுக்கிக் கொடுத்தாள். அந்தம்மா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். பிறகு கூப்பிடாத ஆளில்லை. வீடு, கடை, ஆபீஸ் என்று எல்லாம் வந்தது. மனுஷர்கள் சேர்த்து வைக்கிற குப்பைக்குப் பஞ்சமா என்ன.

போகிற வீட்டில் மூன்று விரிப்புகளை விரிப்பாள். மஞ்சள் விரிப்பில் இருக்க வேண்டிய சாமான். பச்சையில் யாருக்காவது கொடுக்க வேண்டியது. கறுப்பில் போக வேண்டியது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று போனில் படம் எடுப்பாள். முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொன்று. மருந்து மாத்திரை கிடைத்தால் குப்பையில் போடாமல் தன் பையில் எடுத்துப் போய் மெடிக்கல் கடையில் ஒப்படைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தாள். சாமானுக்கு உரியவர் தொட்டுப் பார்த்து, "போகட்டும்" என்று வாயால் சொல்லாமல் ஒரு கிழிந்த ஜாக்கெட்டைக்கூடக் கறுப்பு விரிப்பில் போட மாட்டாள். மாமியார் சாமானைத் தள்ளச் சொல்லி மருமகள் கண்ணைக் காட்டுவாள், நடக்காது. ஆள் வெளியூரில் இருந்தால் வீடியோ காலில் வரச் சொல்வாள். அந்த விதியை அவள் ஒரே ஒரு வீட்டில்தான் மீறினாள்.

வைகுண்டராஜின் வீடு சுருளிப்பட்டிச் சாலையில், திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில் தனியாக நின்றது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. அவருக்குக் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் மலையில் ஏலத்தோட்டம். அறுபது வயது. பிள்ளைகள் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் அவரும் அவர் மனைவி பஞ்சம்மாளும் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் உமாதேவியும் அக்கம்மாளும் ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். அக்கம்மாள் கூடமாட வேலைக்கு வருகிறவள். ஐம்பதைத் தாண்டியும் ஒற்றை ஆளாகப் பீரோவை நகர்த்துவாள். வாய் அதைவிடப் பெரிய பீரோவை நகர்த்தும்.

வைகுண்டராஜ் கேட்டுவரை வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மரியாதையான முகம்.

"வாம்மா. நீதான் ஒதுங்க வைக்கிற பொண்ணா? ரொம்ப நல்லாச் சொன்னாக உன்னைய."

"அம்மா இருக்காகளாய்யா?"

"கோயமுத்தூர்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. மூட்டு வலி, அங்கன வைத்தியம் பாக்குறா. போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி கிளம்புனா." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ வர்றதுக்குள்ள வீட்டையே மாத்தி வைக்கணும்மா. அவ சாமான் ஒண்ணு விடாம எடுத்துரு. முப்பத்தஞ்சு வருஷத்துச் சேர்மானம், மூச்சு முட்டுது. நானும் சும்மா இருக்கலை. அவ கிளம்புன அன்னைக்கே அண்டா அண்டாவாத் தண்ணி ஊத்தி வீடு பூராக் கழுவி விட்டுட்டேன்."

அன்றைக்கேவா? உமாதேவிக்குச் சுருக்கென்றது. ஆம்பளை, அவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.  

"அம்மாகிட்ட வீடியோல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்யா. அவக சாமானை அவக சொல்லாம எடுக்கிற பழக்கம் இல்லை."

"அதெல்லாம் அவளுக்குக் கூச்சம். மெசேஜ் போடச் சொல்றேன், இரு."

முன்பக்க ஆபீஸ் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தன் போனை நீட்டியபடி வந்தார். பஞ்சம்மாள் என்ற பெயருக்குக் கீழே, 'எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்' என்று இருந்தது.

உமாதேவி அதைப் படித்தாள். வாயால் சொல்வதும் எழுத்தில் சொல்வதும் ஒன்றுதானே என்று நினைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கண்முன்னே பதினாலு அலமாரி வரிசையாக நின்றது. இவ்வளவு பெரிய வீடு அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. ஆசை வந்துவிட்டால் விதியாவது ஒன்றாவது.

"வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுரணும்மா" என்றார் அவர். "அன்னைக்கு வீட்டுல சின்னதா ஒரு பூசை இருக்கு."

படங்கள் எடுத்தாள். விரிப்புகளை விரித்தாள். முதல் அலமாரியைத் திறந்ததுமே அவள் கை நின்றது.

சேர்மானம் என்று அவர் சொன்னாரே, அது அங்கே இல்லை. இவ்வளவு ஒழுங்கான வீட்டை உமாதேவி தன் தொழிலில் பார்த்ததில்லை. ஒவ்வொரு தட்டிலும் வெள்ளைச் சீட்டு ஒட்டி, குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது. 'விசேஷச் சீலை.' 'தங்கச்சி வாங்கிக் குடுத்தது.' 'கீரைக்கார அக்காளுக்குக் குடுக்க.' டார்ச் லைட்டின் முதுகில்கூட பேட்டரி மாற்றிய தேதி இருந்தது. இந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் இரண்டு பேரும் விடிய விடியப் பேசிக்கொண்டிருப்போம் என்று உமாதேவிக்குத் தோன்றியது. பார்க்காத மனுஷி மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது அவளுக்கு.

மதியத்துக்கு முன்னால் கட்டில் பக்கத்து மேசையில் ஒரு மாத்திரை டப்பா கிடைத்தது. ஏழு நாளுக்கு ஏழு குழி, ஒவ்வொன்றிலும் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலி. புதன் காலையும் காலி. புதன் ராத்திரியிலிருந்து சனி வரைக்கும் சர்க்கரை மாத்திரை அப்படியே இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு வைகுண்டராஜிடம் போனாள்.

"அம்மா மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டாக போல. புதன்கிழமை ராத்திரியில இருந்து போடவே இல்லையே. வெள்ளிக்கிழமைதானே கிளம்புனாக?"

அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "அங்கன வேற மாத்திரை எழுதிக் குடுத்துட்டாக. அதைத் தூக்கிப் போடு."

கேட்டதற்கும் சொன்னதற்கும் பொருந்தவில்லை. கோயமுத்தூர் வைத்தியர் எழுதிய மாத்திரையைக் கம்பத்தில் இருக்கும்போதே எப்படிப் போட்டிருப்பாள்? ஆனாலும் பெரிய மனுஷரை நிற்க வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. வழக்கம்போல மாத்திரை டப்பாவைத் தன் பையில், டேப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் அடியில் போட்டாள்.

பின்கட்டு அறைக்கு அக்கம்மாள்தான் முதலில் போனாள். போனவள் திரும்பவில்லை. உமாதேவி எட்டிப் பார்த்தபோது அறை நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் கட்டிலோ நாற்காலியோ கிடையாது. வெறும் தரையில் ஒரு அகல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். விளக்கைச் சுற்றி எண்ணெய் பல நாளாக ஊறிய வட்டம்.

உமாதேவி விளக்கை நகர்த்தக் குனிந்தாள்.

"அதைத் தொடாதம்மா." வைகுண்டராஜ் எப்போது பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. "அவ சுகமா வரணும்னு ஏத்தி வச்சிருக்கேன். வியாழக்கிழமை வரைக்கும் அது அங்கனயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த டீயையும் குடிக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கி விட்டபோது, "நான் தலை முழுகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை அக்கம்மாள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. உமாதேவி தனியாகப் போனாள். வேலை சுறுசுறுப்பாக நடந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அவ்வளவு ஒழுங்காக இருந்த வீட்டைக் காலி செய்வது எவ்வளவு சுலபம். சீலைகள் பச்சை விரிப்புக்குப் போய் மூட்டையாகின. மூக்குக் கண்ணாடி, முழங்கால் பட்டை, வெள்ளை முடி சுற்றிய சீப்பு, தேய்ந்த செருப்பு எல்லாம் கறுப்புக்குப் போயின. கண்ணாடி இல்லாமல் அந்தம்மா கோயமுத்தூரில் எப்படிப் படிக்கிறாள் என்று ஒருமுறை நினைத்தாள். வேறு கண்ணாடி இருக்கும். மூட்டு வலிக்காரி முழங்கால் பட்டையை ஏன் விட்டுப் போனாள்? புதுசு வாங்கியிருப்பாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

மற்ற வீடுகளில் கறுப்பு விரிப்பு நிறைந்தால் குப்பை வண்டிக்குப் போகும். இங்கே வைகுண்டராஜ் அதை விடவில்லை. நிறைய நிறைய அவரே அள்ளிக்கொண்டு போய்ப் பந்தலுக்குப் பின்னால் கொளுத்தினார். கண்ணாடிச் சட்டம் எரிகிற வாடை சமையலறைவரை வந்தது. கடைசியில் வெள்ளைச் சீட்டுகளைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். உமாதேவி கத்தியை வைத்துச் சுரண்டினாள். முப்பத்தைந்து வருஷக் கையெழுத்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டது.

சாயங்காலம் நேராக அக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். அக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சலும் இல்லை.

"ஏன்க்கா வரலை? ஒத்தையில கெடந்து சாகுறேன் நான்."

"தலை முழுகிட்டேன்ல. திரும்ப அங்கன வந்தா திரும்ப முழுகணும்."

"எதுக்கு முழுகுனீக?"

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா முழுகாம என்ன செய்வாக?"

உமாதேவி அவள் முன்னால் உட்கார்ந்தாள். அக்கம்மாள் பூண்டைக் கீழே வைத்தாள்.

"சாமிக்கு ஏத்துற விளக்கைத் தரையில வைப்பாகளா? தெக்குப் பாத்து வைப்பாகளா? பக்கத்துல குடிக்கத் தண்ணி வேற. உசுரு போன இடத்துல, பதினாறு முடியுற வரைக்கும் அப்படித்தானே வைப்போம். ஆளை எடுத்த கையோட வீட்டையும் கழுவுவோம். அந்த மனுஷன் எல்லாத்தையும் முறைப்படி செஞ்சிருக்காரு தாயி. ஊருக்குச் சொல்றதை மட்டும்தான் விட்டுட்டாரு."

"அவக தங்கச்சி வீட்டுல இருக்காகக்கா. மெசேஜ் வந்துச்சு. நான் பாத்தேன்."

"மெசேஜை யாரு வேணும்னாலும் போடலாம்."

உமாதேவி பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். புதன் ராத்திரி என்றாள். அக்கம்மாள் அதைத் தொடாமல், புதனிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கை முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். பதினாலு செவ்வாய். பதினைந்து இன்றைக்கு. அடுத்த விரலை மடக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும், சின்னதாக ஒரு பூசை இருக்கிறது என்று அவர் சொன்னது உமாதேவியின் காதில் கேட்டது.  முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். மறைக்கக் கரண்டி பிடித்தது யார்? கண்ணாடியை, சீப்பை, அந்தக் கையெழுத்தை எல்லாம் அள்ளி எடுத்துக் கொளுத்தக் கொடுத்தது இந்தக் கைதானே?

"நாளைக்குப் போகாத" என்றாள் அக்கம்மாள்.

"போலீஸ்ல என்னன்னு சொல்றதுக்கா? விளக்கு எரியுதுன்னா? மாத்திரை மிச்சம் இருக்குன்னா? பெரிய மனுஷன். என்னையத்தான் கிறுக்கிம்பாக. நாளைக்கு அந்த ஆபீஸ் ரூம் ஒண்ணுதான் பாக்கி. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேச வைங்கன்னு கேக்கப் போறேன். பேசிட்டா, நாம நினைச்சதெல்லாம் பொய்யின்னு ஆயிரும்."

"பேசலைன்னா?"

உமாதேவி மாத்திரை டப்பாவை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள். அருண்பாண்டியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டான்.

வியாழக்கிழமை அந்த வீடு மணத்தது. வைகுண்டராஜ் குளித்துத் திருநீறு பூசி, சமையலறையில் தானே அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். உளுந்த வடை, பால் பாயசம், கத்தரிக்காய்க் குழம்பு.

"ஐயா, இன்னைக்கு அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசிட்டு முடிச்சிருவோம்யா."

"சாயங்காலம் பேசலாம்" என்றார் வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ ஆபீஸ் வேலையைப் பாரு."

ஆபீஸ் அறையில் தோட்டத்துக் காகிதங்கள். உரச்சீட்டு, கூலியாட்கள் பட்டியல், ஜீப்புக்கு டீசல் போட்ட ரசீதுகள். இரும்பு மேசை ஒன்று, அதன் மேல் இழுப்பறை பூட்டியிருந்தது. இங்கே பஞ்சம்மாளின் கை படவில்லை, அதனால் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது. உமாதேவி வருஷம் பார்த்துக் கட்டு கட்டினாள். டேப்பை எடுக்கப் பையில் கையை விட்டபோது மாத்திரை டப்பா நழுவித் தரையில் விழுந்தது. மூடியபடியே குப்புற விழுந்தது. அதன் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது.

'பஞ்சம்மாள்.' அதற்குக் கீழே ஒரு போன் நம்பர்.

டார்ச்சுக்கே தேதி எழுதிய மனுஷி தன் மாத்திரை டப்பாவுக்கு எழுதாமல் இருப்பாளா? எங்காவது தவறிப் போனால் எடுத்தவர் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறாள். உமாதேவி சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்டது. அவள் அந்த நம்பரைப் போட்டாள். அந்தம்மா எடுத்துவிட வேண்டும் என்று அப்போதும் அவள் வேண்டிக்கொண்டாள். எடுத்து, யாரும்மா நீ என்று அதட்டினால்கூடப் போதும்.

அவளுக்கு ஒரு முழம் தள்ளி, பூட்டிய இழுப்பறைக்குள்ளே போன் அடித்தது.

கோவில் மணி அடிப்பதுபோல ஒரு சத்தம். இரும்பு மேசை அதை இரண்டு மடங்காக்கியது. உமாதேவி போனைத் துண்டிக்க விரல் தேடுவதற்குள் மூன்று முறை அடித்துவிட்டது. அடுப்படியில் வடை பொரிகிற சத்தம் அப்படியேதான் இருந்தது, கரண்டிச் சத்தம் மட்டும் நின்றுபோனது. அவள் டப்பாவைப் பைக்குள் தள்ளினாள்.

வைகுண்டராஜ் வாசலில் வந்து நின்றார்.

"போன் அடிச்சுச்சோ?"

"என் போன்தான்யா. வீட்டுக்காரரு."

அவர் உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவள் பக்கத்திலேயே நின்று இழுப்பறையைத் திறந்தார். சிவப்பு உறை போட்ட போன் ஒன்றை எடுத்துத் திரையைப் பார்த்தார். அதில் விட்டுப்போன அழைப்பாக உமாதேவியின் நம்பர் இருந்திருக்கும். நிதானமாகப் படித்தார். பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்து, பூட்டி, சாவியைச் செருகிக்கொண்டார்.

"நீயும் அவளை மாதிரிதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "எதையும் இருக்கிற இடத்துல விடமாட்ட."

 உமாதேவி கட்டுகளைப் பார்த்துக் குனிந்தபடியே, "முடிஞ்சிருச்சுய்யா" என்றாள்.

"ஆரம்பத்துல படம் எடுத்தியே, அதெல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"அழிச்சுரு. என் வீடு அலங்கோலமா இருந்ததை எதுக்கு நாலு பேரு பாக்கணும்."

அவர் பார்க்கப் பார்க்க அழித்தாள். சீலை அடுக்கு போனது. வெள்ளைச் சீட்டுகள் போயின. கட்டில் பக்கத்து மேசை, அதன்மேல் அந்த டப்பா, எல்லாம் போயின. விரல் இரண்டு முறை வேறெங்கோ பட்டது. அவர் பொறுமையாக நின்றார்.

"அழிச்சது வேற எங்கயோ போய் உக்காந்திருக்குமாமே. அங்கனயும் அழிச்சுரு."

அங்கேயும் அழித்தாள்.

"பையில என்னம்மா இருக்கு?"

"டேப்பு, கத்தரிக்கோலு, விரிப்பு."

அவர் பையைப் பார்த்தார். கை நீளும் என்று நினைத்தாள். அடுப்படியிலிருந்து வடை கருகுகிற வாடை வந்தது. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். "வா, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பின்கட்டு அறைக் கதவு திறந்திருந்தது. விளக்குக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் பரிமாறியிருந்தது. வடை, பாயசம், குழம்பு, ஒரு ஓரத்தில் இரண்டு வெற்றிலை. பக்கத்தில் புது நூல் சீலை ஒன்று மடித்து வைத்திருந்தது. உமாதேவி பிரித்துக் கொடுத்த சீலைகளில் அது இல்லை. அவராகக் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். கொன்றவரே அழுதாரோ என்னவோ, அந்த இலை அவ்வளவு அக்கறையாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உமாதேவிக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போனது.

"இன்னைக்கு வியாழக்கிழமை விரதம்யா. பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது."

"அவளும் வியாழக்கிழமை விரதம் இருந்தவதான்" என்றார் வைகுண்டராஜ், இலையைப் பார்த்தபடி. "சரி. போயிட்டு வா. மேல தோட்டத்துலயும் ஒரு வீடு கெடக்கு. அதையும் ஒருநாள் ஒதுங்க வைக்கணும். நானே ஜீப்புல கூட்டிட்டுப் போறேன். உன் வீடுதான் எங்கன இருக்குன்னு தெரியுமே."

உமாதேவி தலையாட்டினாள். நடந்தாள். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஸ்கூட்டர் சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து நுழைத்தாள். கேட்டைத் தாண்டி மண்பாதையில் இறங்கியதும் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

வைகுண்டராஜ் வாசலில் நின்றிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் விளக்குமாறு. அவள் இறங்கிப் போன படியில் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிவிட்டுக் குனிந்து கூட்ட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், மூலை முடுக்கு விடாமல் கூட்டினார். ஒருதடவைகூட நிமிர்ந்து அவள் போகிற திசையைப் பார்க்கவில்லை.

ஆம்பளை, அவருக்குத் தெரியாது என்று இந்த முறை சமாதானம் சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. எல்லாம் தெரிந்த மனுஷர்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் திராட்சைக் கூடை ஏற்றுகிற வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நிறுத்தினாள். இடது பக்கம் போனால் அவள் வீடு. நேரே போனால் போலீஸ் ஸ்டேஷன். படங்கள் இல்லை, கண்ணாடி இல்லை, சீப்பு இல்லை. தெற்கு பார்த்து எரிகிற விளக்கை இன்று சாயங்காலமே எடுத்துவிடுவார். அவளிடம் இருப்பது ஒரு மாத்திரை டப்பாவும், தன் போனிலிருந்து பஞ்சம்மாளுக்குப் போட்ட ஒரு அழைப்பும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் வீட்டுக்குப் போனால், அந்தம்மாவைக் கொளுத்தக் கொடுத்த கையோடு இனி யார் வீட்டு அலமாரியையும் திறக்க முடியாது. அது மட்டும் தெரிந்தது. 

பின்னால் ஒரு ஜீப் வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் அக்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"எங்கன இருக்க தாயி? போன வேலை என்னாச்சு?"

"ஸ்டேஷனுக்குப் போறேங்க்கா. போய்ச் சேந்ததும் கூப்பிடுறேன்." ஸ்கூட்டர் சாவியைத் திருப்பினாள். "எங்க வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிருங்க. நான் கூப்பிடுற வரைக்கும் யாரும் வீட்டைக் கூட்டாதீக."